ஒன்றுக்குப் பின் மூன்று

எங்கள் வீட்டு வாசலில் ஓர் அம்பாஸிடர் நிற்கிறது. 'ஓடுகிறது' என்று எழுத ஆசைதான். ஆனால் கட்டுரையில் பொய் எழுதுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். கதைக்கு அது பொருந்தாது. மார்க் மூன்று வண்டி, 1977-ஆம் வருஷத்தியது. அப்பா வாங்கியபோதே இரண்டு கை மாறி வந்தது. 2014-ல் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாஸிடர் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்துச் சொன்னதும், அம்மா எழுந்து வாசலுக்குப் போய் வண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தாள், துக்கம் விசாரித்துவிட்டு வருகிறவளைப் போல.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. இருந்தவரை தை முதல் வெள்ளியன்று அம்மாவை இந்த வண்டியில்தான் திருவேற்காட்டுக்கு அழைத்துப் போவார். அவருக்குப் பிறகு அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

சென்ற மார்கழியில் வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. பெட்ரோலைவிட எண்ணெய்தான் அதிகம் செலவாகிறதோ என்று சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. பாயிடம் கொண்டு போனேன்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்பத்தூர் வட்டாரமே இரும்போடு பழகிய வட்டாரம். பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி மோட்டார் வண்டிகளுக்கான மின்சாமான்களைச் செய்கிறது. அதற்கும் முந்தியது சைக்கிள் கம்பெனி. ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கியே வெளியே வந்தது. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது ஒரு யந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். எங்கள் தெருவில் அந்த நாலு பேரில் நான் இல்லை. பாயின் கொட்டகை மண்ணூர்ப்பேட்டையில் எம்.டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. எழுபது வயது. அப்பாவின் வண்டியை முப்பது வருஷமாக அவர்தான் பார்த்து வருகிறார். புகையைப் பார்த்தவர், "ரிங்கு போயிடுச்சு தம்பி. என்ஜினை எறக்கி போர் அடிக்கணும்" என்றார். பதினெட்டு நாள் ஆயிற்று. வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது, புகையில்லாமல் நல்ல பிள்ளையாக நின்றது.

திங்கட்கிழமை எனக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. இவ்வளவு செலவழித்துப் புதுப்பித்த என்ஜினில் பிளக் ஒயர்கள் மட்டும் பழையனவாக, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்தன. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஒரு புது செட் வாங்கி வந்தேன். பழைய ஒயர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டேன். குழப்பம் வரக்கூடாதே என்று, புது ஒயர்களில் காகிதத் துண்டுகளைக் கட்டி, என் கையெழுத்திலேயே 1, 2, 3, 4 என்று இலக்கமிட்டேன். என்ஜினில் நான்கு பிளக்குகள் வரிசையாக இருக்கின்றன; அவற்றில் வரிசையாகச் செருகினேன். மறு முனைகளை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வட்டமாக இருக்கும் நான்கு துளைகளில், ஒன்றாம் நம்பர் எது என்று மட்டும் முன்பே குறித்து வைத்துக்கொண்டு, அதே போல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சுற்றிவரச் செருகினேன். இருபது வருஷமாகத் தொடர்கதை எழுதுகிறவன்; முதல் அத்தியாயத்துக்குப் பின் இரண்டாவதுதான் வரும் என்பதில் எனக்கு என்ன சந்தேகம்?

வாசகர்களில் மோட்டார் ஞானம் உள்ளவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் என்னோடு கொஞ்ச தூரம் வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்ஃப் எடுத்தேன். என்ஜின் சுற்றியது, இருமியது, கார்பரேட்டர் வழியாகப் 'புஸ்' என்று துப்பியது, பிறகு சைலன்சரில் ஒரு வெடி வெடித்தது. மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைக் கொத்த வந்த காக்கைகள் பறந்தன. மறுபடி எடுத்தேன். மறுபடி வெடி. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பெட்ரோலில் நனைந்திருந்தது. அதை என்ஜினின் உடம்பில் வைத்துச் சுற்றவிட்டால் பொறியும் நன்றாகத் தெறித்தது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, அப்புறமும் ஓடாவிட்டால் கோளாறு என்ஜினுக்குள்தானே இருக்க வேண்டும்? என் தர்க்கம் இவ்வளவுதான். புதன்கிழமை மத்தியானத்துக்குள் பாட்டரியும் செத்துவிட்டது.

பாய்க்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வண்டி வந்த பொறவு எதுனா தொட்டீங்களா தம்பி?"

"நான் ஒன்றையும் தொடவில்லை" என்றேன். சத்தியமாக, அப்போது எனக்கு அது பொய்யாகப் படவில்லை. என்ஜினை அல்லவா அவர் கேட்கிறார்? நான் மாற்றியது ஒயரை.

அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். வாசலில் நின்று உரக்கப் பேசினேன். புது பிஸ்டனுக்குக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே எதைப் போட்டீர்களோ யார் கண்டது என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாளைக்கு வரேன் தம்பி" என்று வைத்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாருதியையும் பாயிடம் விடுவதாக இருந்தார். "என்ன சார், ஏமாற்றிவிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ஆமாம் சார். நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். உள்ளே வந்ததும் அம்மா, "பாய் அப்படிச் செய்யற மனுஷர் இல்லேடா" என்றாள். அம்மாவுக்கு உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாய் தம்முடைய டி.வி.எஸ். 50-ல், பின்னால் ஒரு பையனை உட்காரவைத்துக்கொண்டு வந்தார். நான் 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. பானெட்டைத் தூக்கினார். பளபளவென்று சிவப்பு ஒயர்கள். என் கையெழுத்தில் நான்கு சீட்டுகள். ஒரு நிமிஷம் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

நான் உள்ளே போய்ச் செம்போடு திரும்பியபோது, அவர் கார்பரேட்டர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் வாசலுக்கு வந்திருந்தாள். பையன் ஹேண்டிலை முன்னால் மாட்டி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். புதிதாகப் போர் அடித்த என்ஜின் சுலபத்தில் சுற்றாது. முதல் இழுப்பில் பாதிதான் வந்தது. இரண்டாவது இழுப்பில் வண்டி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

"என்ன பாய் கோளாறு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கார்பரேட்டர்ல துளி தூசி. நாளைக்கு நிம்மதியா கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

கூலி வாங்கிக்கொள்ளவில்லை. தூசிக்கெல்லாம் காசா என்றார். ஒரு தூசியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கலாட்டா செய்தோமே என்று எனக்குக்கூட இலேசாக ஒரு கூச்சம். ஆனால் தூசி விழுந்ததும் அவர் வேலையின் குறைதானே என்று அதையும் துடைத்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக்குப் போய் வந்தோம். தை வெள்ளிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. திரும்பும்போது அம்மா முன் ஸீட்டில் தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை வண்டியைத் துடைக்கப் பானெட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி என் சீட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.

பிளக் பக்கத்தில் அப்படியே வரிசையாகத்தான் இருந்தன. மூடியில் மட்டும் மாறியிருந்தன. அப்பாவின் மேஜை இழுப்பில் வண்டியின் பழைய புத்தகம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வரிசை அச்சாகியிருந்தது.

அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான்கு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் ஷாஃப்டில் கோத்தவை. அது வளைந்திருக்கிற விதத்தில் ஒன்றும் நான்கும் சேர்ந்து மேலே வரும். அப்போது இரண்டும் மூன்றும் கீழே இருக்கும். ஷாஃப்ட் அரைச் சுற்றுச் சுற்றினால் இவை மேலே, அவை கீழே. ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு பிஸ்டன் தன் வாயுவை அழுத்திக்கொண்டு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே ஒன்றுக்குப் பின் இரண்டோ மூன்றோ எது வந்தாலும், மூன்றாவதாக நான்குதான் வந்தாக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற என்னுடைய வரிசை, இப்படிப்பட்ட என்ஜினில் நடக்கவே நடக்காது. நான் செய்த காரியத்தால் முதல் சிலிண்டர் ஒன்றுக்கு மட்டும் சரியான சமயத்தில் பொறி கிடைத்தது. இரண்டாவதுக்கு வால்வு திறந்திருக்கும்போது கிடைத்ததால் அது கார்பரேட்டர் வழியாகத் துப்பியது. மற்ற இரண்டும் காரியம் முடிந்து வெளியே தள்ளுகிற நேரத்தில் பற்றிக்கொண்டு சைலன்சரில் வெடித்தன. பொறி இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அது எப்போது வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டியிருந்தால், இந்த ஞானம் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

மண்ணூர்ப்பேட்டைக்குப் போனேன். பாய் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. "பாய், அந்த ஒயர்..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பியா? முன்னால வலது டயர்ல காத்துக் கம்மியா இருந்திச்சு. புடிச்சிட்டுப் போங்க" என்று வேனுக்கு அடியிலிருந்தே சொன்னார்.

"இல்லை பாய், நான் போனில் பேசினது..."

"ஒங்க அப்பாவும் ஒரு வாட்டி மாத்திப் போட்டாருப்பா. எம்பத்தி ஒம்பதுலயோ என்னமோ. பதினாலாம் நம்பர் ஸ்பானர எடுத்து இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். அதற்கு மேல் அவர் பேச இடம் கொடுக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். திங்கட்கிழமை இரவு போய், நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் சிரித்தார், டாங்கித் தொழிற்சாலைக்காரர், சிரிக்க உரிமை உண்டு. "ஒன்று மூன்று நான்கு இரண்டு கூடவா சார் தெரியாது? என் மாருதியில் மூன்றே சிலிண்டர், அந்தத் தொல்லையே இல்லை" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அடடா, வண்டியை வேறு இடத்தில் விட்டுவிட்டேனே. காலையில் பூங்காவில் நடக்கிறவர்களிடமும் சொல்லித் தொலைத்துவிட்டேன், பாயிடம் போகாதீர்கள் என்று" என்றார்.

"எத்தனை பேர் சார்?"

"ஏழெட்டுப் பேர் இருக்கும்."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நானும் பூங்காவுக்குப் போனேன். எனக்கு நடக்கிற வழக்கம் கிடையாது.