ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு!

உங்கள் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டுப் போய், அதன் செயினை ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு வாருங்களேன்.

வந்தாச்சா? விரலில் கறுப்பாக, மை மாதிரி ஒட்டியிருந்தால் உங்கள் செயினில் எண்ணெய் அதிகம். செம்மண் நிறத்தில் துரு ஒட்டியிருந்தால் எண்ணெயே இல்லை. லேசாக ஒரு பசை, அவ்வளவுதான் என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஆனாலும் படியுங்கள். அப்படிச் செயின் வைத்திருக்கிற ஆசாமிகள் என் அனுபவத்தில் ரெண்டே பேர். ஒருத்தர் என் அப்பா. இன்னொருத்தர் எதிர் ஃப்ளாட் தம்பி.

தம்பிக்கு சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. 'கிராவல் பைக்' என்று ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறார். ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். டயர் மட்டும் தடிமன். ரேஸ் சைக்கிளுக்கும் மலையேறும் சைக்கிளுக்கும் கல்யாணம் செய்துவைத்தால் பிறக்கிற பிள்ளை! அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006-ல் ஒரு பந்தயம் ஆரம்பித்தார்கள். சரளைக்கல் ரோட்டில் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர். 2023-ல் மழை பெய்து மண் களிம்பாகிவிட, ஆளைச் சுமக்க வேண்டிய சைக்கிளை ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

'அந்த ஊர் ரோட்டுக்குச் செஞ்ச வண்டி சென்னையில எதுக்குத் தம்பி?' என்று கேட்டேன்.

'நம்ம தெருவைத் தோண்டிப் போட்டு மூணு மாசம் ஆச்சுண்ணா. இதைவிட நல்ல கிராவல் எங்க கிடைக்கும்?' என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வீட்டு ஷெல்ஃபில் செயினுக்காக மட்டும் மூன்று ஐட்டம். 'டிரை' என்று எழுதிய பாட்டில் ஒன்று, 'வெட்' என்று எழுதிய பாட்டில் ஒன்று, அப்புறம் ஒரு மெழுகுப் பொட்டலம். ஒரு செயினுக்கு இத்தனையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம்.

நான் படித்தது பி.காம். தேய்மானம் என்றால் எனக்கு டிப்ரிசியேஷன்தான் ஞாபகம் வரும். சைக்கிள் செயின் விஷயத்தில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருளை வைத்த செயினைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஒரு கிராவல் பைக் செயினில் நூற்றுப் பத்து சொச்சம் கண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஆணி. ஆணியைச் சுற்றி ஓர் உருளை. ஆணியும் அதைப் பிடித்திருக்கிற துளையும் உரசி உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு ஆணியிலும் மயிரிழை தேய்ந்தாலும் நூற்றுப் பத்து மயிரிழை சேர்ந்து செயின் நீண்டுவிடும். 'செயின் லூசாயிடுச்சு சார்' என்று கடையில் சொல்வது இதைத்தான்.

நீண்ட செயின் சும்மா இருக்காது. பல்சக்கரங்களின் பற்களையும் சேர்த்துத் தின்னும். செயின் விலை ஒரு பங்கு என்றால் பின்சக்கரத்தில் அடுக்கி வைத்திருக்கிற கேசட்டின் விலை பல மடங்கு. செயினை நேரத்தில் மாற்றினால் அது வருஷச் செலவு. மாற்றாவிட்டால் மூலதனமே போச்சு!

கணக்குப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்பது உலகப் பொது அளவு. ஸ்டீல் ஸ்கேலின் தொடக்கத்தை ஓர் ஆணியின் மையத்தில் வையுங்கள். 24 கண்ணி தள்ளியிருக்கும் ஆணியின் மையம் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் அரை சதவிகிதம் தேய்ந்துவிட்டது. பதினோரு, பன்னிரண்டு கியர் வண்டிகளுக்கு அதுவே செயினை மாற்றவேண்டிய கட்டம்.

சரி, எண்ணெய் எதற்கு? வழவழவென்று ஓடத்தான் என்பீர்கள். 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பேராசிரியர் குழு இதைச் சோதித்தது. நாம் மிதிக்கிற சக்தியில் 98.6 சதவிகிதம் வரை செயின் அப்படியே கடத்திவிடுகிறதாம். ஆச்சரியம் என்னவென்றால், சுத்தமான ஆய்வுக்கூடத்தில் எந்த எண்ணெய் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெயின் முக்கிய வேலை இடத்தை அடைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே விடாமல் இருப்பதுதான் போலிருக்கிறது என்றார்கள்.

நம் ஊர் ஆய்வுக்கூடம் இல்லையே. இங்கே புழுதி. எண்ணெயும் மணலும் கலந்தால் அது எண்ணெய் இல்லை, சாணை பிடிக்கிற பசை. அதனால்தான் தம்பியின் ஷெல்ஃபில் மூன்று ஐட்டம்.

'டிரை' என்பது நீர்த்த திரவம். போட்ட சில மணி நேரத்தில் திரவம் ஆவியாகி, மெழுகு மாதிரி ஒரு படலம் மட்டும் நிற்கும். புழுதி அவ்வளவாக ஒட்டாது. ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. 'வெட்' என்பது கெட்டி எண்ணெய். மழையிலும் போகாது, புழுதியையும் விடாது. ஆகவே சென்னைக்காரர்களுக்குக் கணக்கு எளிது. புழுதி பறக்கிற மாதங்களில் டிரை, ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கினால் வெட்.

மூன்றாவது மெழுகு. செயினைக் கழற்றி, பழைய எண்ணெய் சுத்தமாகப் போகக் கழுவிக் காயவைத்து, உருக்கிய பாரஃபினில் முக்கி எடுப்பது. ஆறினால் மெழுகு இறுகிவிடும். தொட்டால் கையில் கறுப்பே ஒட்டாது. தம்பி இதற்கென்றே எலெக்ட்ரிக் குக்கர் ஒன்று தனியாக வைத்திருக்கிறார். கேஸ் அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள், மெழுகு தீப்பற்றும். சமையல் பாத்திரத்தையும் எடுக்காதீர்கள், வீட்டம்மா பற்றிக்கொள்வார்.

எதைப் போடக் கூடாது? தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும். ஒர்க் ஷாப்பில் இருந்து வாங்கி வருகிற வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் கரியும் இரும்புத்தூளும் இலவசம். கிரீஸ் உள்ளே இறங்காது, வெளியே நின்று மணல் பிடிக்கும். நீல, மஞ்சள் டப்பாவில் வருகிற டபிள்யூ.டி.-40? 1953-ல் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகக் கண்டுபிடித்தது. 40-வது முயற்சியில் வெற்றி, அதுதான் அந்தப் பெயர். துடைக்க உதவும். ஆனால் செயினில் நின்று நிதானமாக வேலை செய்கிற சமாச்சாரம் இல்லை அது.

அப்பாவிடம் இதெல்லாம் ஏது? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு கேட்டைத் தாண்டாவிட்டால் அரை நாள் சம்பளம் கட். நடு வழியில் செயின் அறுந்தால் வீட்டில் அந்த வாரம் காய்கறி குறையும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பக்கத்தில் நாங்கள் யாரும் போக மாட்டோம். பல் தேய்க்கிற பழைய பிரஷ், கிழிந்த பனியன், மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன். அடியை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சொட்டு விழும். டிக்... டிக்... என்று முழுச் செயினும் சுற்றி வரும். அதற்கு மேல் முழுசாக மூடின செயின் கவர் வேறு. அந்தக் கவருக்கு இணையான பாதுகாப்பு எந்த பாட்டிலிலும் இன்னும் வரவில்லை என்று தம்பியே ஒப்புக்கொள்கிறார்.

முறையும் அதேதான். ராத்திரியே செய்துவிடுங்கள். முதலில் துணியால் அழுக்கைத் துடையுங்கள். கீழ்ப்பக்கம் ஓடுகிற செயினின் உள்பக்கத்தில், ஒவ்வொரு உருளை மேலும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கி நாலு சுற்று. ரெண்டு மூணு மணி நேரம் கழித்து வெளியே இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிடுங்கள். வேலை ஆணிக்குத்தான். வெளியே மினுமினுக்கிற எண்ணெய் புழுதிக்கு வைக்கிற வெற்றிலை பாக்கு! டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் ஸ்பிரே பக்கமே போகாதீர்கள். அந்தத் தட்டில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது.

போன மாதம் ஒரு ராத்திரி, எங்கள் பார்க்கிங்கில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற பெரியவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். செயின் செம்பருத்தி நிறத்தில் இருந்தது.

'ஏன்யா, எண்ணெய் போடக் கூடாதா?' என்றேன்.

'சத்தம் வந்தாத்தான் சார் வண்டி ஓடுதுன்னு அர்த்தம்' என்று சிரித்தார். 'முழங்காலுதான் ராத்திரியில விண்ணுவிண்ணுன்னு வலிக்குது.'

தம்பி ஒன்றும் பேசவில்லை. மேலே போய் பாட்டிலும் துணியும் எடுத்து வந்தார். தரையில் உட்கார்ந்தார். காயவைக்க நேரம் இல்லை என்பதால் வெட் பாட்டில்தான். கால் மணி நேரம் ஆச்சு. பெரியவருக்கு அடுத்த ஆர்டர் வந்துவிடுமே என்ற தவிப்பு. அவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. அப்பாவுக்கு இருந்த அதே ஒன்பது மணி கேட்.

நாலு நாள் கழித்து லிஃப்ட் அருகே பார்த்தபோது அவரே நிறுத்திச் சொன்னார். 'சார், சத்தமே காணோம். தெருவுல போறவங்க ஒதுங்க மாட்டேங்கிறாங்க. பெல்லு வாங்கி மாட்ட வேண்டியதாப் போச்சு!'

முழங்கால் வலி முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டேன். 'அது எண்ணெய்க்கு எங்க சார் போகும்? ஆனா மேம்பாலம் ஏறுறப்போ இறங்கித் தள்ளுறதில்லை இப்ப' என்றார்.

தம்பி அவருக்கு ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு கிழிந்த பனியனும். எண்ணெய் தீர்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாமாம். பனியன்தான் முக்கியமாம்.