அப்பாவின் சுருட்டுப் பெட்டி

சுருட்டு வைப்பதற்கென்று ஒரு பெட்டி தேடிக் கடைகடையாக அலைந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் புகையின் தீமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியை இப்படி அலைந்தாள் என்றால் சிரிப்பு இன்னும் கூடும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் ஒவ்வொரு வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விட்டுவிட முடியாத ஏதோ ஒரு பொருளும் இருக்கிறது.

என் தந்தையார் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 38 ஆண்டுகள் வேலை செய்தவர். பால்மரம் சீவத் தொடங்கி, மண்டோராகி ஓய்வு பெற்றார். விடியற்காலையில் பெரட்டு முடிந்து மரத்துக்குப் போகும்போது வாயில் ஒரு சுருட்டு இருக்கும். "கொசுவுக்கு இதுதான் மருந்து" என்பார். தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். உறையூர்ச் சுருட்டின் பெருமையை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அப்பா.

அது உண்மையிலேயே பேர்பெற்ற சுருட்டுதான். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான். 1887ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுகிறார். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "சாம்பலைப் பாத்துச் சொல்றது என்னா பெரிய விசயம்? நான் வாசத்தை வெச்சே சொல்லிப்புடுவேன்" என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இனிமேல் ஒன்றுகூடத் தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு ஊதினால் கெடுதல் இல்லை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வர அதுவே போதும். அப்பா அன்றைக்கே நிறுத்தினார். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை.

அவர் நிறுத்தினாரே தவிர, சுருட்டு வருவது நிற்கவில்லை. ஊருக்குக் கோயில் யாத்திரை போய் வருகிறவர்கள் மண்டோர் ஐயாவுக்கென்று பழைய வழக்கப்படி ஒரு கட்டு வாங்கி வந்தார்கள். உறையூரிலிருந்து ஒன்று, திண்டுக்கல்லிலிருந்து ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்று என்று சேர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், விவரம் தெரியாமல், கியூபா நாட்டுச் சுருட்டு இரண்டைக் கொண்டுவந்து தாத்தாவின் கையில் கொடுத்தான். அன்போடு வருவதை வேண்டாமென்று சொல்ல அப்பாவுக்கு மனம் வராது. எல்லாவற்றையும் ஒரு சதுர பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். மாலையில் டின்னைத் திறப்பார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல உருட்டுவார். மூக்கருகே பிடித்து மோந்து பார்ப்பார். திரும்ப வைத்து மூடிவிடுவார். அவ்வளவுதான்.

அடைமழைக் காலம் வந்தது. ஒருநாள் டின்னைத் திறந்தவர் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பூஞ்சணம் படாத சுருட்டுகளிலோ குண்டூசி குத்தியதுபோல் துளைகள். புகையிலையில் முட்டையிடும் சிறு வண்டு ஒன்று உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது பெருகிவிடும். பாதிக்குமேல் வீணாய்ப் போயிற்று. "எங்கப்பா வாசம் போயிருச்சு தாயி" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் சரியாகப் பசியாறவில்லை.

மிஞ்சியதையாவது காப்பாற்ற ஒரு நல்ல பெட்டி வாங்குவதென்று முடிவு செய்தேன். வீட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. "விட்டது விட்டதா இருக்கட்டும். எல்லாத்தையும் அள்ளி அடுப்புல போடு" என்றார் அம்மா. "பெட்டி வாங்கிக் குடுக்கிறதும் ஊதச் சொல்றதும் ஒண்ணுதான்" என்றார் அண்ணன். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை.

ஜொகூர் பாருவில் ஒரு கடையில் இதற்கென்றே செய்த பெட்டிகளைப் பார்த்தேன். 'ஹியூமிடோர்' என்று பெயர். வெளியே பளபளவென்று மெருகு. உள்ளே செந்நிற மரப்பலகை. அந்த மரத்தை ஸ்பானிய சீடர் என்கிறார்கள். பெயர்தான் சீடர், உண்மையில் நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. அதன் வாசம் சுருட்டோடு ஒத்துப்போகும். பூச்சியும் அவ்வளவாக அண்டாது. பெட்டிக்கு ஒரு பூட்டும் சாவியும் இருந்தன. விலை 600 வெள்ளிக்கு மேல். பணத்தைக் கூட ஒருவாறு சமாளித்துவிடலாம். அந்தச் சாவிதான் என்னை இழுத்தது. சாவி என் கைப்பையில் இருந்தால் அப்பா ஊதிவிடுவாரோ என்ற கவலையே இல்லையல்லவா?

நல்ல வேளையாக, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். மூடியின் உட்புறத்தில் ஒரு பஞ்சு இருக்கிறது. அதில் சுத்தமான நீரை ஊற்றி வைத்தால் பெட்டிக்குள் ஈரம் குறையாதாம். குளிர்நாடுகளில் காற்று வறண்டிருக்கும். அங்கே சுருட்டு காய்ந்து மேலிலை வெடித்துவிடும். அதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. நம் ஜொகூரிலோ துவைத்த துணியே இரண்டு நாள் காயாமல் தொங்குகிறது! இங்கே ஈரத்தைக் கூட்டுவதற்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பதா? வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்றை மட்டும் தனியாக வாங்கினேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பாட்டில் மூடியொன்றில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டுக் குழம்பாக்கி, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைக்கவேண்டும். நனைந்த உப்பு அந்தச் சிறிய இடத்துக் காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நிறுத்திவிடும். என் கருவி 72 காட்டியது. ஆகவே 3 கூட்டிக்கொள்ள வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்து காட்டினேன். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, கூட்டிக் கணக்கிட்டால் 86. சுருட்டுக்கு வேண்டியதோ 65 முதல் 70 வரைதான். டின்னில் பூஞ்சணம் பூத்ததன் காரணம் விளங்கிவிட்டது.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது, சாப்பாட்டுச் சாமான் வைக்க விற்கும் சாதாரண பிளாஸ்டிக் டப்பா. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருப்பதால் காற்று நுழையாது. அதனுள் சீடர் மரத் தகடுகள் இரண்டு வைத்தேன். ஈரம் மிகுந்தால் உறிஞ்சி, குறைந்தால் வெளியிடும் சிறு பொட்டலங்கள் விற்கிறார்கள். உள்ளே இருப்பது உப்புக் கரைசல்தான். நான் செய்த சோதனையின் தத்துவமேதான். 65 என்று குறித்த பொட்டலம் இரண்டைப் போட்டேன். எல்லாம் சேர்த்து 100 வெள்ளியைத் தாண்டவில்லை. ஈரத்தை உறிஞ்ச அரிசியையோ மருந்துப் புட்டியில் வரும் உருண்டைகளையோ போடலாமே என்று சிலர் சொன்னார்கள். அவை உறிஞ்சிக்கொண்டே போகுமேயன்றி, ஓர் அளவில் நிற்கத் தெரியாதவை.

வண்டு முட்டைக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது. சுருட்டுகளை இரட்டைப் பையில் கட்டி உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அதன்பின் வெளியே எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும். "மீனுக்குப் பக்கத்துல சுருட்டா?" என்று அம்மா நான்கு நாளும் என்னோடு பேசவில்லை.

டப்பாவில் அடுக்கியபோது மொத்தம் 46 சுருட்டுகள். பூட்டு இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா குளிக்கப் போகும் நேரத்தில் நான் திருட்டுத்தனமாக எண்ணுவேன். 46. அடுத்த வாரமும் 46. நான்கு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 45 இருந்தது.

மறுபடி எண்ணினேன், 45தான். கை நடுங்கியது. கொடியில் கிடந்த அவருடைய சட்டையை மோந்து பார்த்தேன். கொல்லைப்புறம் போய்ச் சாம்பல் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அண்ணன் சொன்னது பலித்துவிட்டதே, நானே அப்பாவைக் கெடுத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக் கோயிலுக்கு விளக்கேற்றப் போனேன். எல்லையில் இருக்கும் முனியாண்டி மேடையில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் ஒரு சுருட்டு. நுனி கனிந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா கைகட்டி நின்றிருந்தார்.

"இன்னைக்கு எங்கப்பா தவறின நாளு தாயி. முனியாண்டிக்குச் சுருட்டு வெக்காம அவரு ஒரு வருசம் இருந்ததில்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பத்த வெக்கல. பூசாரிதான் பத்த வெச்சாரு. முனியாண்டிக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலியே?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரே மேலும் சொன்னார்: "நீ வாரா வாரம் எண்றது எனக்குத் தெரியும். பொட்டலத்தை நான் வலப்பக்கம் வெப்பேன், நீ இடப்பக்கம் வெச்சிருவே. எண்ணிக்க தாயி. ஒனக்குப் பயம் இருக்குமில்ல."

அன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். பூட்டும் சாவியுமாக ஒரு பெட்டி வாங்கியிருந்தால், மூன்று ஆண்டு தாமாகக் கட்டுப்பாட்டோடு இருந்த மனிதரை நான் ஒரு சிறுபிள்ளையாக்கியிருப்பேன். எழுபது வயதுக்கு மேல் அப்பாவிடம் சாவி கேட்டு நிற்கும்படி செய்ய இருந்தேனே என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி வைத்துப் போன பழைய படமோ, கப்பலேறி வந்த காலத்துத் தாளோ டின்னில் கிடக்கும். இந்த மழை அதையும் விட்டுவைக்காது. இன்றைக்கே எடுத்துத் துடைத்து, காற்றுப் புகாத டப்பா ஒன்றில் வையுங்கள். வைத்தவர் உயிரோடு இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வையுங்கள்.