வெள்ளியங்கிரி ஏறலாமா டாக்டர்?

"மூணு வாரம் முன்னாடி கணுக்கால் பிசகிருச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வெள்ளியங்கிரி போறாங்க, நானும் ஏறலாமா டாக்டர்?"

ஏறுறதை விடுங்க, இறங்க முடியுமான்னு பாருங்க. இறங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீட்டியபடி ஊன்றும். கணுக்கால் எளிதாக உட்பக்கம் மடங்குவது அந்த நிலையில்தான். ஏழு மலை ஏறிக் களைத்த காலுக்குச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் கைப்பிடி தொடாமல் ரெண்டு மாடி இறங்கிப் பாருங்க. நொண்டினா இந்த சீசன் வேண்டாம், சாமி கோவிச்சுக்க மாட்டார்.

போறதா இருந்தா, அடிவாரத்தில் வாங்குற மூங்கில் தடியை நல்ல கால் பக்கக் கையில் பிடிங்க. வலி மாத்திரை போட்டுட்டு ஏறாதீங்க. எப்போ நிறுத்தணும்னு சொல்றதே அந்த வலிதான்.

இன்னொண்ணு. வலிச்சா பாதியில் திரும்பிடுவேன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே குரூப்பில் சொல்லுங்க. கூட யார் இறங்கி வருவாங்கன்னும் அப்பவே பேசி வெச்சுக்கங்க.