முப்பது கிலோ சிப்பம்

மார்கழி. சனிக்கிழமை. பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலச் சந்தை.

வேன் பின்பக்கமாக வந்து நிற்கிறது. கொண்டி விழுகிறது. சுமைக்காரர் தலையில் சும்மாட்டை அழுத்தி வைத்துக்கொள்கிறார். முதல் சிப்பம் இறங்குகிறது. சாக்கின் வாய் சணலால் தைத்திருக்கிறது. உள்ளே 30 கிலோ. அவர் சட்டையின் தோள்பட்டை வெல்லம் கசிந்து காய்ந்து விறைத்திருக்கிறது.

அடுத்த வேன். அதற்குப் பின்னால் இன்னொன்று. ஜேடர்பாளையம், சோழசிராமணி, கபிலர்மலை, பாண்டமங்கலம், பொத்தனூர். பரமத்தி வேலூர் வட்டாரத்து ஆலைக் கொட்டகைகள் ராத்திரியெல்லாம் காய்ச்சியது காலையில் இங்கே வந்து சேர்கிறது. புதனும் சனியும் சந்தை. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை.

சிப்பங்களை அடுக்கிய ஒவ்வொரு அட்டிக்கும் முன்னால் ஒரு சிப்பம் வாய் திறந்து கிடக்கிறது. பார்வைக்கு. பக்கத்தில் ஆலைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் துண்டு. கண் வியாபாரிகள் வரும் பக்கம்.

வியாபாரி வருகிறார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. ஒரு உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். கட்டைவிரலால் அழுத்துகிறார். இரண்டு கையாலும் பிடித்து உடைக்கிறார். உடைந்த பக்கத்தைப் பார்க்கிறார். மணி நன்றாகக் கட்டியிருக்கிறதா, மாவாக இருக்கிறதா, கண்ணாடி மாதிரி மினுக்குகிறதா. முகர்கிறார். கடைசியாக ஒரு துணுக்கு நாக்குக்குப் போகிறது.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆலைக்காரர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த அட்டி. உருண்டை, வெளிச்சம், கட்டைவிரல், உடைப்பு, மூக்கு, நாக்கு. அதற்கடுத்த அட்டி. ஒரு காலைப் பொழுதில் அந்த நாக்கு ஒரு வட்டாரத்தையே கடந்துவிடுகிறது. இது வாய்க்கால் பாசனம். இது கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் கரிக்கிறது. இதில் சுண்ணாம்பு தூக்கல். இது அடிப்பிடித்த கொப்பரை. இதில் அஸ்கா சீனி கலந்திருக்கிறது. இனிப்பு நாக்கின் நுனியோடு நின்றுவிடுகிறது, தொண்டைக்கு இறங்கவில்லை.

எதையும் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. துணுக்கைத் துப்புவதும் இல்லை.

நாக்கை நம்பும் ஏலம் வேறு இடத்திலும் உண்டு. பிரான்சில், பர்கண்டி வட்டாரத்தில், போன் என்று ஒரு சிறு நகரம். நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒயின் ஏலம். 1443இல் ஏழை நோயாளிகளுக்காக நிறுவிய தர்ம ஆஸ்பத்திரிக்கு திராட்சைத் தோட்டங்கள் மானியமாக வந்தன. அந்தத் தோட்டத்து ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். பீப்பாய்க் கணக்கில். ஒரு பீப்பாய் 228 லிட்டர். ஏலத்துக்கு முன் வியாபாரிகள் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கிறார்கள், சுழற்றி முகர்கிறார்கள், ஒரு வாய் வைத்துத் துப்புகிறார்கள். சிறு மெழுகுவர்த்தி அணைவதை வைத்து ஏலம் முடிக்கும் பழைய வழக்கமும் அங்கே உண்டு. அந்த வட்டாரத்து மலைச்சரிவுகளில் பெயர் வைத்து எல்லை வகுத்த துண்டு நிலங்கள் 1,247. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ அந்த நிலங்களை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. உலகெங்கும் இருந்து ஆட்கள் போகிறார்கள். சுவைக்கப் பழகும் வகுப்புகள் நடக்கின்றன. பணம் கட்டிச் சேர்கிறார்கள்.

பிலிக்கல்பாளையத்தில் மெழுகுவர்த்தி இல்லை. குரல்தான்.

ஏலம் கேட்பவர்கள் அட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். ஏலம் விடுபவர் குரலை ஏற்றுகிறார். பத்து ரூபாய் கூடுகிறது. இன்னொரு பத்து. ஒரு தலை லேசாக அசைகிறது. நோட்டில் ஒரு வரி விழுகிறது. கூட்டம் நகர்கிறது.

இரண்டு அட்டிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று எலுமிச்சை மஞ்சள். இன்னொன்று அடர்ந்த காப்பி நிறம். வியாபாரி இரண்டிலும் துணுக்கு எடுக்கிறார். மஞ்சளை வாயில் போட்டு உடனே விழுங்குகிறார். கறுத்ததை வாயில் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார். இன்னொரு துணுக்கும் எடுத்துக்கொள்கிறார்.

விலை மஞ்சளுக்கு ஏறுகிறது.

கறுத்த வெல்லத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போடுகிறார். சாக்கின் வாயை மூடுகிறார். மறுபடி திறந்து வைக்கிறார்.

பனி விலகுகிறது. லாரியின் முன்கண்ணாடியில் மலையாள எழுத்து. இன்னொன்று வடக்கத்திப் பதிவெண். சிப்பங்கள் ஏறுகின்றன. தரையில் சிந்திய வெல்லத்தூளில் எறும்புச் சாரை. ஒரு தேனீயும் இருக்கிறது.

சந்தைக்கு அப்பால் காவிரி. ஜேடர்பாளையத்தில் படுகை அணை. அங்கிருந்து பிரிகிறது ராஜவாய்க்கால். வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று ஊர் சொல்கிறது. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. மேட்டூர் அணை எழும்பியது 1934இல். வாய்க்கால் அதற்குப் பல தலைமுறை மூத்தது.

வாய்க்கால் ஓரம் வாழை, அப்பால் அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால், அதற்கும் அப்பால் கரும்பு. வாழைத்தார், வெற்றிலை, வெல்லம் மூன்றுக்கும் இந்த வட்டாரத்தில் ஏலம் உண்டு. வெற்றிலைக்குக் கணக்கு, 104 கவுளி கொண்டது ஒரு சுமை. வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை, கற்பூரிக்கு ஒரு விலை. வாழையில் பூவன், ரஸ்தாளி, பச்சநாடன், மொந்தன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தொட்டுப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார்.

கரும்பு பெரும்பாலும் கோ 86032. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். ரகம் ஒன்றுதான். வாய்க்கால் வயலில் விளைந்தது ஒரு மாதிரி. உப்பேறிய நிலத்தில் விளைந்தது வேறு மாதிரி. உப்பு நிலத்து வெல்லம் கரிக்கிறது, ஈரம் இழுக்கிறது, மழைக்காலத்தில் கசிந்து உருக்குலைகிறது. வயலின் பெயரை யாரும் சாக்கில் எழுதுவதில்லை.

மத்தியானம். ஜேடர்பாளையம் சாலையில் ஓர் ஆலைக் கொட்டகை. தென்னங்கீற்றுக் கூரை. கூரை வழியாகப் புகை.

வாசலில் கோயம்புத்தூர்ப் பதிவெண்ணோடு ஒரு கார். இறங்குகிறவர்கள் நாலு பேர். அப்பா, அம்மா, பத்து வயசுப் பெண், அவளுடைய அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா. அமுச்சி மட்டும் செருப்பை வெளியே கழற்றுகிறார்.

"வாங்க, வாங்க. பொங்கலுக்கு வெல்லம்ங்களா?"

"ஆமாங்க. புள்ளைக்குக் காட்டலாம்னு கூட்டியாந்தோம்."

"பாரு கண்ணு. நல்லாப் பாரு. கொப்பரைகிட்ட மட்டும் போயராத."

ஆலை உருளையில் கரும்பு நுழைகிறது. இந்தப் பக்கம் சாறு, அந்தப் பக்கம் சக்கை. ஈரச்சக்கை வெயிலுக்குப் போகிறது. நேற்றைய காய்ந்த சக்கை அடுப்பு வாய்க்குப் போகிறது. அடுப்புக்கு முன்னால் இருப்பவர் குனிகிறார், அள்ளுகிறார், தள்ளுகிறார். குனிகிறார், அள்ளுகிறார், தள்ளுகிறார். அவர் முகம் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறது.

பெண் கையில் ஒரு தம்ளர் கரும்புப்பால். முதல் மடக்கு. இரண்டாவது மடக்கில் நுரை மேலுதட்டில் ஒட்டுகிறது.

கொப்பரையில் சாறு பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கொதிக்கிறது. சுண்ணாம்புத் தெளிவு ஊற்றுகிறார்கள். அழுக்கு மேலே திரள்கிறது. பாகு பார்ப்பவர் நீண்ட காம்புள்ள கரண்டியால் அழுக்கை ஒதுக்கி ஒதுக்கி எடுக்கிறார். மூலையில் நசுக்கிய வெண்டைத் தண்டு ஊறும் வாளி. அதன் வழவழப்பும் அழுக்கைச் சேர்த்துத் தூக்கும். இப்போது வாளியின் மேல் ஒரு சாக்கு கிடக்கிறது. சாக்கின் மேல் தூசி.

சாறு பொன்னிறமாகிறது. பிறகு செம்மை. குமிழ் சிறுத்து நெருங்குகிறது. வாசனை மாறுகிறது. அமுச்சி தலையை நிமிர்த்துகிறார்.

"இப்பத் தேங்காச் சில்லு இருந்தா முக்கித் தருவாங்க" என்கிறார், யாரிடமும் இல்லாமல்.

ஆலைக்காரர் காதில் விழுகிறது. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார். அரைமூடித் தேங்காய் வருகிறது. கீறுகிறார்கள். கரண்டியில் அள்ளிய இளம்பாகு வாழையிலைத் துண்டில் விழுகிறது. சில்லு அதில் புரள்கிறது. பெண் ஊதுகிறாள். மறுபடி ஊதுகிறாள். கடிக்கிறாள். அப்பா போனை எடுக்கிறார். அமுச்சி தன் பங்கை நின்றுகொண்டே தின்கிறார். கண் மூடியிருக்கிறது.

பாகு பார்ப்பவரிடம் வெப்பமானி இல்லை. பதம் வரும்போது பாகின் சூடு ஏறக்குறைய 118 டிகிரி. அவரிடம் இருப்பது ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். துடுப்பின் நுனியில் எடுத்த பாகைத் தண்ணீரில் விடுகிறார். விரலால் திரட்டுகிறார். நூலாக ஓடுகிறது. தலையாட்டுகிறார், இல்லை என்று. சிறிது நேரம் கழித்து மறுபடி விடுகிறார். மறுபடி திரட்டுகிறார். உருள்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் தட்டுகிறார். டக்.

"எறக்கு!"

நாலு பேர் ஓடி வருகிறார்கள். கொப்பரை சாய்கிறது. பாகு மரத்தொட்டியில் இறங்குகிறது. யாரும் பேசவில்லை. துடுப்பு போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. பாகு மங்குகிறது, இறுகுகிறது, மணி கட்டுகிறது.

தொட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்காருகிறார்கள். உருண்டை பிடிக்கும் நேரம் இதுதான். ஆறினால் உதிரும், சூட்டில் கை வேகும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம். ஒரு கை அள்ளுகிறது, துணியில் வைத்து முறுக்குகிறது, உருண்டை விழுகிறது. ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளிடம் பேசிக்கொண்டே பிடிக்கிறாள். கை தானாக அளவு எடுக்கிறது. எல்லா உருண்டையும் ஒரே அளவு.

"நானும் பிடிக்கட்டுமா?"

"வா அம்மிணி, இப்பிடி உக்காரு. பைய. சுடும்."

சிறுமியின் உருண்டை முதல் முறை உதிர்கிறது. இரண்டாவது முறை நீள்கிறது. மூன்றாவது நிற்கிறது, ஒரு பக்கம் சப்பையாக. அதையும் மற்ற உருண்டைகளோடு வைக்கிறார்கள். அவள் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்கிறாள்.

உருண்டைகள் எலுமிச்சை மஞ்சள்.

கொட்டகையின் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையுடையது. வெல்லத்தில் சீனி கலக்கக் கூடாது, ஹைட்ரோஸ் போட்டு வெளுக்கக் கூடாது. கந்தக டை ஆக்சைடுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை பத்து லட்சத்தில் 70 பங்கு. அதிகாரிகள் வந்தால் மாதிரி எடுக்கிறார்கள். நாலு பங்காகப் பிரிக்கிறார்கள், முத்திரை வைக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். அறிவிப்பின் கீழ் ஓரம் கிழிந்திருக்கிறது.

மலைக்கு அப்பால், கேரளத்து மறையூர் வெல்லம் அடர்காப்பி நிறம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. கோலாப்பூர் வெல்லத்துக்கு 2014இல். பக்கத்து ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. பரமத்தி வேலூர் வெல்லம் சாக்கில் போகிறது, இறங்கிய இடத்தின் கடைப் பெயரில் விற்கிறது.

அம்மா மஞ்சள் உருண்டைகளைக் காட்டுகிறாள்.

"இதுல அஞ்சு கிலோ போடுங்க. கலர் நல்லா இருக்கு."

அமுச்சி நகரவில்லை. ஆலைக்காரரைப் பார்க்கிறார்.

"வீட்டுக்குன்னு எடுத்து வெச்சது இருக்குதுங்களா?"

ஆலைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. துண்டால் கழுத்தைத் துடைக்கிறார்.

"இருக்குதுங்க. கறுப்பா இருக்குமுங்க. பாத்தா வாங்கமாட்டீங்க."

"கொண்டாங்க."

வீட்டுக்காரம்மா தகர டின்னோடு வருகிறார். மூடியைக் கத்தியால் நெம்புகிறார். உள்ளே அடர்காப்பி நிறத்தில் உருண்டைகள். வெண்டைத் தண்டும் சுண்ணாம்பும் மட்டும் கண்டவை. வாசனை முதலில் வருகிறது. ஒரு உருண்டை உடைகிறது. நாலு துணுக்கு. நாலு பேர் வாயிலும் போகிறது.

அம்மா எதுவும் சொல்லவில்லை. இன்னொரு துணுக்குக்குக் கை நீள்கிறது.

"இதையே சந்தைக்குப் போடலாமே?" அப்பா கேட்கிறார்.

"போட்டேனுங்க, போன வருசம். சிப்பத்துக்கு எறநூறு கொறச்சுக் கேட்டாங்க. வெட்டுக்கூலி, வண்டி வாடகை, ஆள்கூலி எல்லாம் இருக்குதில்லீங்களா?"

தராசு வருகிறது. அஞ்சு கிலோ. மஞ்சளுக்குச் சொன்ன விலையையே இதற்கும் சொல்கிறார். அமுச்சி பேரம் பேசவில்லை. சுருக்குப் பையைத் திறந்து தானே கொடுக்கிறார்.

கார் சாலையில் ஏறுகிறது.

கொட்டகையில் அடுத்த கொப்பரை. சாறு கொதிக்கத் தொடங்குகிறது. பாகு பார்ப்பவர் அழுக்கை எடுத்து முடிக்கிறார். உதவிக்கு நிற்கும் பையன் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வருகிறான். உள்ளே வெள்ளைத் தூள்.

"இதுக்குப் போடட்டுங்களா?"

ஆலைக்காரர் காலி டின்னைப் பார்க்கிறார். சாக்குக் கட்டைப் பார்க்கிறார். வீட்டுக்காரம்மாவும் நிற்கிறார்.

"வீட்டு டின்னுக்கு ரெண்டு மொந்தை தனியா மோந்து வெச்சிரு. மிச்சம் புதன்கிழமை சந்தைக்குப் போறது. போடு."