எண்ணாமல் இறக்கிய மூட்டை

பூட்டில் கோளாறு என்று அதைச் செய்தவனே வந்து சொல்கிறான். கையோடு புதுப் பூட்டும் கொண்டுவந்து இலவசமாகக் கொடுக்கிறான். நீங்கள் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் பழைய பூட்டோடேயே தூங்குவீர்களா? மாட்டீர்கள். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு கம்பெனி தூங்கியது.

நம் ஊரில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் முதலில் சிபில் ஸ்கோர் பார்க்கிறார்கள் அல்லவா? அந்த மாதிரி கடன் ஜாதகம் வைத்திருக்கிற கம்பெனி அது. அதாவது நீங்கள் கேட்காமலே உங்கள் பெயர், பிறந்த தேதி, விலாசம், அரசாங்க எண் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பத்திரமாக என்று அவர்கள்தான் சொல்லிக்கொள்வார்கள்.

பொதுமக்கள் புகார் கொடுப்பதற்கு அவர்கள் ஓர் இணையத்தளம் வைத்திருந்தார்கள். அது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்மீது கட்டப்பட்டது. 2017 மார்ச் 7-ம் தேதி, ஸ்ட்ரட்ஸில் ஓர் ஓட்டை இருக்கிறது, இந்தாருங்கள் அடைப்பதற்கான திருத்தம் என்று அதை உருவாக்குகிறவர்கள் அறிவித்தார்கள். மறுநாள் அமெரிக்க அரசாங்கம் எச்சரித்தது. அதற்கு மறுநாள், 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும் என்று ஈக்விஃபாக்ஸுக்குள்ளேயே மெயில் போயிற்று. எல்லாம் சரி. புகார் தளத்தில் மட்டும் யாரும் திருத்தத்தைப் போடவில்லை.

மே மாதம் திருடர்கள் உள்ளே வந்தார்கள். 76 நாள் தங்கினார்கள். ஏன் யாருக்கும் தெரியவில்லை? உள்ளே வெளியே போகிற தகவல்களைச் சோதிக்கிற கருவி ஒன்று இருந்தது. அதற்கான டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. வாட்ச்மேன் இருக்கிறார், ஆனால் கண்ணாடி உடைந்துபோய் மாற்றித் தரவில்லை என்கிற கதை. ஜூலை 29-ம் தேதி சான்றிதழைப் புதுப்பித்தார்கள். அன்றைக்கே திருட்டு கண்ணில் பட்டது! போன தகவல், சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடையது. தலைமை அதிகாரி பதவி விலகினார். பிறகு நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, தகவலை உரியவரிடம் சேர்க்காத ஒரு தனி நபரின் தவறைச் சுட்டிக்காட்டினார். அத்தனை பெரிய கம்பெனியில் ஒரே ஓர் ஆள். இப்படித் திட்டமிடுகிற நிர்வாகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 2019-ல் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கப் படிக்க, எல்லாமே ஆடிட்டிங் வகுப்பில் கேட்ட சங்கதியாக இருக்கிறது. அதனால்தான் தைரியமாக எழுத உட்கார்ந்தேன்.

ஓப்பன் சோர்ஸ், தமிழில் திறமூலம், என்றால் என்ன? சமையல் குறிப்பை வாசலிலேயே ஒட்டிவைத்துவிடுகிற ஹோட்டல். யாரும் படிக்கலாம், எடுத்துப்போய்ச் சமைக்கலாம், உப்பு ஜாஸ்தி என்று திருத்தியும் கொடுக்கலாம். காசு கிடையாது. இன்றைக்கு நீங்கள் பேங்க் கணக்கைத் திறந்தாலும், ரயில் டிக்கெட் போட்டாலும், மறுமுனையில் இருக்கிற சர்வரில் இப்படி இலவசமாக வந்த சரக்கு எங்கேயாவது நிச்சயம் இருக்கும். இத்தனை பேர் குறிப்பைப் பார்க்கிறார்களே, தப்பு இருந்தால் யாராவது கண்டுபிடிக்கமாட்டார்களா? அதுதான் இதன்மேல் எல்லோருக்கும் இருந்த பெரிய நம்பிக்கை.

2014 ஏப்ரல் 7-ம் தேதி அந்த நம்பிக்கைக்கு ஓர் அடி விழுந்தது.

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றி அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். உலகத்தின் கணிசமான சர்வர்களில் இந்த வேலையைச் செய்வது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற இலவச மென்பொருள். அதில் 2012-ல் ஒரு புது வசதி வந்தது. பெயர் ஹார்ட்பீட். இதயத் துடிப்பு. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் மௌனம் வந்தால், லைனில் இருக்கிறாயா என்று கேட்டுக்கொள்கிற ஏற்பாடு.

கேட்கிற விதம்தான் விசேஷம். “வணக்கம் என்ற வார்த்தையை அனுப்பியிருக்கிறேன். மொத்தம் ஐந்து எழுத்து. இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பு.” சர்வர் உடனே வணக்கம் என்று ஐந்து எழுத்தைத் திருப்பி அனுப்பும். சமர்த்து. இப்போது ஒரு போக்கிரி வருகிறான். “வணக்கம் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 64 ஆயிரம் எழுத்து. திருப்பி அனுப்பு” என்கிறான். சர்வர் என்ன செய்யவேண்டும்? எண்ணிப் பார்த்துவிட்டு, போடா என்று சொல்லவேண்டும். அது எண்ணவில்லை. வணக்கம் என்று ஆரம்பித்து, 64 ஆயிரம் கணக்கு ஆகும்வரை தன் ஞாபகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் இன்னொருத்தர் பாஸ்வேர்ட் இருக்கலாம். கிரெடிட் கார்டு எண் இருக்கலாம். அந்தப் பூட்டின் சாவியே இருக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். வழக்கமான பதிவேட்டில் தடயமும் இருக்காது.

டெலிவரி சலானில் ஐம்பது மூட்டை என்று எழுதியிருந்தால், லாரியிலிருந்து இறக்கும்போது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். எட்டாங்கிளாஸ் படித்த குடோன் பையனுக்குத் தெரிந்த விஷயம். ஒரு ஜெர்மன் ஆராய்ச்சி மாணவர் எழுதினார், இன்னொரு நிபுணர் சரிபார்த்தார், இருவருக்கும் அது கண்ணில் படவில்லை. பிறகு இரண்டு வருடம் உலகத்துக்கே படவில்லை. கடைசியில் கூகுளில் ஒருவரும், ஃபின்லாந்தில் ஒரு கம்பெனியும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஹார்ட்ப்ளீட் என்று பெயர் வைத்து, ரத்தம் சொட்டும் இதயம் ஒன்றையும் படமாக வரைந்துவிட்டார்கள். ஓட்டைக்கு லோகோ!

திருத்தம் சில வரிகள்தான். சொன்ன அளவும் வந்த அளவும் பொருந்தாவிட்டால் பதில் சொல்லாதே. அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்டதோடு வேலை முடியவில்லை என்பதுதான் நிறையப் பேருக்குப் புரியவில்லை. சாவி ஏற்கெனவே திருட்டுப் போயிருக்கலாம். எனவே முதலில் ஓட்டையை அடைக்கவேண்டும். அடுத்து, புதுச் சாவி செய்யவேண்டும். பழைய சான்றிதழை ரத்து செய்து புதியது வாங்கவேண்டும். அதற்கப்புறம்தான் வாடிக்கையாளர்களைப் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லவேண்டும். வரிசை முக்கியம். ஓட்டை இருக்கும்போதே புதுப் பாஸ்வேர்ட் போட்டால், புதுப் பாஸ்வேர்டும் திருடனுக்குப் போகும். கனடா வருமான வரித்துறை, வரிப் படிவம் தாக்கல் செய்கிற சீசன் என்றும் பார்க்காமல் தன் தளத்தையே மூடிவைத்தது. அதற்குள் சுமார் 900 பேரின் அடையாள எண்களை ஒருவன் உருவிவிட்டான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. வரவு செலவு. அந்த நாளில் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லுக்கு முழுநேரமாக வேலை பார்த்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர். வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகளின் கல்லாப்பெட்டிக்குப் பூட்டு செய்து கொடுத்தவருக்கு இதுதான் வரும்படி. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பார்கள், தெரியுமல்லவா? ஊரே குடிக்கும். பானையைக் கழுவி நிரப்புகிறவன் எவன் என்று குடிக்கிறவர் யாரும் கேட்பதில்லை. ஹார்ட்ப்ளீடுக்கு அப்புறம் வெட்கப்பட்டோ பயந்தோ, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் மாதிரியான கம்பெனிகள் லினக்ஸ் அறக்கட்டளை மூலமாக ஆளுக்கு வருடம் ஒரு லட்சம் டாலர் தர முன்வந்தன. நல்ல விஷயம். ஆனால் உலகத்தில் இருப்பது ஒரு பந்தல் இல்லையே.

2021 டிசம்பரில் இன்னொரு பந்தல். லாக்ஃபோர்ஜே. சர்வரில் நடப்பதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கிற குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்ன வரிக்குள், இந்த விலாசத்துக்குப் போய் ஒரு பார்சல் வாங்கிவந்து பிரி என்று ஒரு கட்டளையைப் பொதிந்துவிட்டால், எழுதுவதை விட்டுவிட்டு இவர் எழுந்துபோய் வாங்கிவந்து பிரித்தும்விடுவார். பார்சலில் இருப்பது திருடனின் புரோகிராம். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. திருத்தம் வந்தது. அதிலும் குறை இருக்கவே அடுத்தது, அப்புறம் அடுத்தது என்று ஒரே டிசம்பரில் நாலு திருத்தம். எழுதியவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள்.

ஆனால் கம்பெனிகள் அல்லாடியது வேறு காரணத்துக்காக. இந்தக் குமாஸ்தா தங்களிடம் வேலை பார்க்கிறாரா என்பதே பல பேருக்குத் தெரியாது. வாங்கிய மென்பொருளுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று எங்கேயோ உட்கார்ந்திருந்தார். ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்லாத குடோன். எதில் என்ன இருக்கிறது என்று இப்போது பட்டியல் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு நீளமாகப் பெயரெல்லாம் வைத்துவிட்டார்கள். சரக்கு இருப்புக் கணக்கு என்று சொன்னால் நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சிக்குச் சட்டென்று புரியும்.

இதையெல்லாம்விட என்னைக் கலங்கடித்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. எக்ஸ்.இஸட். யுடில்ஸ், ஃபைல்களைச் சுருக்குகிற ஒரு சாதாரண மென்பொருள். பல வருடங்களாக லாஸ்ஸெ காலின் என்பவர் தனியாளாகக் கவனித்துவந்தார். சம்பளம் கிடையாது, பொழுதுபோக்குக்குச் செய்கிற வேலை. 2022-ல், ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சில பேர் அவரை நச்சரித்தார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்னைகள் உண்டு, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். கூடவே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ரொம்ப நல்ல பிள்ளையாக உதவிக்கொண்டிருந்தார். பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் போயிற்று. இரண்டு வருடத்துக்குமேல் ஒழுங்காக வேலை செய்த அந்த ஆசாமி, 2024 பிப்ரவரியில் உள்ளே ஒரு கள்ள வழியை வைத்தார். யார் அவர், எந்த ஊர், ஓர் ஆளா, ஒரு கூட்டமா? இன்றுவரை வெளிப்படவில்லை.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை. ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, சர்வருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி! நீங்களும் நானும் அதைக் கவனிக்கவே மாட்டோம். அவர் விடாமல் நோண்டினார். நல்லவேளையாக, சோதனைப் பதிப்புகளில் இருக்கும்போதே சிக்கியது. சில மாதம் போயிருந்தால் உலகத்தின் லட்சக்கணக்கான லினக்ஸ் சர்வர்களுக்குள் போயிருக்கும். காலின் திரும்பவும் உட்கார்ந்து, அந்த ஆள் தொட்டதையெல்லாம் சலித்து எடுத்துவிட்டு, மே மாதக் கடைசியில் சுத்தமான பதிப்பை வெளியிட்டார்.

அப்படியானால் இலவச சமாசாரமே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளிலும் ஓட்டைகள் உண்டு. குறிப்பு வாசலில் ஒட்டியிருந்ததால்தான் ஃப்ராயிண்ட் அதைப் பிரித்துப் படிக்க முடிந்தது. பூட்டிய சமையலறையாக இருந்தால் அரை விநாடி தாமதத்தைச் சபித்துவிட்டுப் போயிருப்பார்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன? ஈரோட்டில் என் நண்பர் ஒருவர் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறார். பில், ஸ்டாக், பாக்கி எல்லாமே ஒரு சர்வரில். அதைப் பார்த்துக்கொள்கிற பையனைச் சந்தித்தபோது என்ன ஓடுகிறது என்று கேட்டேன். செண்ட் ஓஎஸ் 7 என்றான். அதற்கு இலவசத் திருத்தங்கள் வருவது 2024 ஜூன் 30-ம் தேதியோடு நின்றுபோயிற்று. பையனோ, “அப்டேட்டே எதுவும் காட்றதில்லீங் சார். அப்படின்னா எல்லாம் கரெக்டா இருக்குதுன்னுதானே அர்த்தம்?” என்றான். டாக்டர் ரிட்டயராகிவிட்டார், அதனால் எனக்கு வியாதியே இல்லை!

நண்பர் இன்னும் ஒருபடி மேலே. “ஏனுங்ண்ணா, அஞ்சு வருஷமா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிட்டிருக்குது. இப்பப் போயி கை வெச்சு, தீபாவளி யாவாரத்துல பில்லு போட முடியாம நின்னுபோச்சுன்னா?”

சும்மா சொல்லக்கூடாது, நியாயமான பயம். வருகிற திருத்தத்தையெல்லாம் அப்படியே ஓடுகிற சர்வரில் ஏற்றுகிறவனும் ஒருநாள் கையைச் சுட்டுக்கொள்வான். அதனால்தான் முதலில் பேக்கப். அது திரும்ப உயிர்பெறுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். பிறகு அதே மாதிரி இன்னொரு மெஷினில் ஒத்திகை. அப்புறம்தான் அசல். டெபியன், உபுண்டு இரண்டிலும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாகப் போட்டுக்கொள்கிற வசதி உண்டு. தனியாக ஆள் வைக்க முடியாத சின்னக் கடைக்கு அது போதும்.

தீபாவளிவரை தொடமாட்டேன் என்று நண்பர் ஒரே பிடிவாதம். அதுவரை, கடையிலிருந்தும் குடோனிலிருந்தும் தவிர வேறு எங்கிருந்தும் சர்வருக்குள் வரமுடியாதபடி வழிகளை அடைக்கச் சொன்னேன். பையன் அன்றைக்கே செய்துவிட்டான். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புதியதற்கு மாறினார்கள். திங்கட்கிழமை பில் ஒழுங்காக வந்தது. குடோனில் இருக்கிற பழைய பிரிண்டர் மட்டும் இரண்டு நாள் மக்கர் செய்ததாம்.