பின்சீட்டுக்கு அடியில்

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பிவிட்டு, செல்ஃப் அடிக்காமல் கொஞ்சம் காது கொடுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடிக்கு மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டு அடங்கும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் பம்பு, எஞ்சினுக்குப் போகும் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. சென்னையில் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில், அந்தச் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடும் மேஸ்திரி ஒருவரின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவர் தொழில் பழகியது கார்புரேட்டர் வண்டிகளில். அந்தக் காலத்து மாருதி 800-இல் பம்பு எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும்; எஞ்சின் சுழற்சியிலேயே இயங்கும். கழற்றலாம், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை மாற்றலாம், திரும்பப் பூட்டலாம். 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகி இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெருகியபோது மூன்று பார், நாலு பார் அழுத்தம் தேவைப்பட்டது. கரண்டில் ஓடும் பம்பு டேங்குக்குள் போய்விட்டது. பெட்ரோல் அந்த மோட்டாரின் வயிற்றுக்குள் புகுந்துதான் வெளியே போகிறது. மோட்டாரைக் குளிர வைப்பதும் அதுவே, வழவழப்பாக ஓட விடுவதும் அதுவே. கார்பன் பிரஷ்ஷில் பொறி பறந்தாலும் சுற்றிலும் எரிவதற்குக் காற்று கிடையாது என்பதால் தீப்பிடிப்பதில்லை. இவ்வளவு பாதுகாப்பான இடத்தில் இருக்கும் பொருள், வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி உழைக்க வேண்டியது, ஏன் பாதியில் சாகிறது?

அன்று மேடவாக்கத்திலிருந்து ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. உரிமையாளர் மிகவும் நொந்துபோயிருந்தார். “போன வருஷம்தாங்க வேற இடத்துல புது பம்பு போட்டேன். எட்டாயிரம் ஆச்சு.”

“பம்பு போனது உண்மைதான் சார். ஏன் போச்சுன்னு பார்க்காம இன்னொண்ணு போட்டா அதுவும் போகும். மதியம் வரைக்கும் டைம் குடுங்க” என்றார் மேஸ்திரி.

பின்சீட்டைத் தூக்கியதும் தரையில் ஒரு சின்ன மூடி. அதைச் சுற்றி வருஷக்கணக்கில் படிந்த செம்மண். உதவியாளர் பையன் அதைத் திறக்கப் போனான், “தம்பி, இரு. முதல்ல காத்து அடி” என்று மேஸ்திரி தடுத்தார். அந்த மண் அப்படியே டேங்குக்குள் விழும், புதுப் பம்பின் முதல் உணவே அதுதான் ஆகிவிடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதி, துணியால் துடைத்த பிறகுதான் மூடியைக் கழற்றி, பம்புக்குக் கரண்டு தரும் கப்ளரை உருவினார்கள்.

அதன்பின் அவர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மல்டிமீட்டரைக் கப்ளரில் வைத்தார்: 12.4 வோல்ட். எந்தக் குறையும் இல்லாத அளவு. “இதைப் பார்த்துட்டுத்தான் போன மெக்கானிக் கரண்டு நல்லா வருதுன்னு சொல்லியிருப்பாரு” என்றபடி, ஒயர் சேர்த்து வைத்திருந்த 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கப்ளரில் செருகினார். ஓடும் பம்பு இழுக்கும் கரண்டையும் அந்த பல்பு இழுக்கும் கரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகச் சொல்லலாம். ரிலே இரண்டு விநாடியில் நின்றுவிடும் என்பதால் அதைக் கழற்றி ஒரு ஒயர்த்துண்டால் நேரடியாக இணைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டர் 9.8 காட்டியது. சும்மா நிற்கும்போது இருந்த வோல்ட், சுமை ஏறியதும் வழியில் எங்கோ தொலைகிறது.

மீட்டரின் ஒரு முனையைக் கப்ளரின் எர்த் பின்னிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். சரியாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கு மேல் நின்றது. கார்பெட்டை உரித்துக்கொண்டே போனார்கள். கதவோரம், எர்த் ஒயர் பாடியோடு சேரும் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உரிமையாளர் அதைப் பார்த்ததுமே சொன்னார்: “மிக்ஜாம் புயல்ல சீட் வரைக்கும் தண்ணி நின்னுச்சு.” 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து, சீட்டு காய்ந்து, நாற்றமும் போய்விட்டது. அந்த போல்ட்டில் மட்டும் அது தங்கிவிட்டது.

வோல்ட் குறைந்தால் பம்பின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் உள்ளே பாயும் பெட்ரோலும் குறையும், அதோடு குளிர்ச்சியும் குறையும். எஞ்சினுக்கு இழுவை போதாது. ஓட்டுகிறவர் இன்னும் அழுத்துவார். கப்ளரின் பின்னிலும் பிடிப்பு கெட்டிருந்தால் அது சூடேறி பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். இந்த வண்டியிலும் ஒரு பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது.

செத்த பம்பை வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் அறுத்துக் காட்டினார். உள்ளே பிரஷ் இரண்டும் நகத்துணுக்கு அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவை உரசும் வட்டத்தில் விரல் வைத்தால் தெரியும் பள்ளம். கையெல்லாம் கரித்தூள். அடியிலிருந்த சல்லடைப் பையைக் கத்தரியால் வெட்டி வெள்ளைத் தட்டில் விரித்தபோது, சவ்வு சவ்வாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. போன முறை பழைய ரப்பர் வளையத்தையே போட்டு, கசியாமலிருக்கச் சிலிக்கான் பசை தடவியிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியில் அது ஊறி உரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. சல்லடை அடைத்தால் பம்பு பெட்ரோலுக்குப் பதில் குமிழிகளைத்தான் இழுக்கும். வெளியே போகும் வழியில் ஃபில்டர் அடைத்தால் தள்ள முடியாமல் திணறி அதிகக் கரண்டு இழுக்கும். இரண்டுமே சூட்டில்தான் முடியும். பம்பு மாற்றும்போது சல்லடையும் ரப்பர் வளையமும் புதிதாகத்தான் போட வேண்டும். பில்லைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் முதலில் கைவைப்பது இவற்றில்தான்.

போல்ட்டைச் சுரண்டி, புது லக் போட்டு, கிரீஸ் பூசிய பிறகு அதே பல்பில் 11.9 வந்தது. வெளிச்சத்தின் வித்தியாசம் எனக்கே கண்ணில் தெரிந்தது.

கால் டேங்குக்குக் கீழே விட்டாலே பம்பு போய்விடும் என்று பலர் சொல்வதை மேஸ்திரி அப்படியே ஏற்பதில்லை. பம்பு ஒரு சின்ன வாளிக்குள் நிற்கிறது. டேங்கில் குறைந்தாலும் அந்த வாளி நிறைந்தே இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். “ஒரு நாள் ரிசர்வ்ல ஓட்டினா ஒண்ணும் ஆகாது. தினமும் நூறு ரூபாய்க்கு மட்டும் போட்டு, ஓஎம்ஆர் டிராஃபிக்ல நிக்கிற வண்டிதான் என்கிட்ட வருது.” கொஞ்சமாக இருக்கும் பெட்ரோல் சீக்கிரம் சூடேறும், மேட்டிலும் வளைவிலும் வாளி காலியாகும், அடியில் தங்கிய தண்ணீரும் கசடும் மேலே கிளம்பும். முழுக்கத் தீர்ந்து வண்டி நின்ற பின்னும் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. அப்போது பம்பு வெறும் காற்றில் ஓடுகிறது.

சிஎன்ஜி டாக்சிகளின் கதை இன்னும் பரிதாபமானது. கேஸில்தானே ஓடுகிறது என்று பெட்ரோலையே மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் பெட்ரோலில். வெளியே கிட் பொருத்திய சில வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் பம்பு நிற்பதில்லை. நாளெல்லாம் வறண்ட டேங்கில் சுழல்கிறது. டாக்சி ஓட்டும் தம்பிகளிடம் மேஸ்திரி வைக்கும் ஒரே வேண்டுகோள், பத்து லிட்டராவது எப்போதும் உள்ளே இருக்கட்டும், வாரத்தில் கொஞ்ச தூரம் பெட்ரோலிலும் ஓட்டுங்கள் என்பது.

2025-இல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். பம்பின் வாய் இருப்பதும் அங்கேதான். அதற்கென்றே தயாரான புது வண்டிகள் தாங்கும். பழைய வண்டியில் டேங்கில் பல வருஷமாக ஒட்டியிருந்த கசடை அது கரைத்துக் கிளப்பிச் சல்லடைக்குக் கொண்டுவரும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சல்லடையையும் ஃபில்டரையும் ஒருமுறை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை நம்பி வண்டியை எடுக்காமலிருப்பதும் நல்லது. பங்க்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத பம்புகளை மேஸ்திரி தொடுவதே இல்லை.

இதையெல்லாம் பேசும்போது என் கண் அந்தப் பையனின் கைகளிலேயே இருந்தது. விரல் இடுக்குகள் வெளுத்து, தோல் வெடித்திருந்தது. பெட்ரோல் தோலின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும். அதில் பென்சீனும் உண்டு. பிஎஸ் 6 விதிப்படி ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றாலும், ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அந்தப் பொருளைத் தினமும் முகர்ந்துகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதலாகாது. டேங்கைக் காலிசெய்ய வாயால் குழாய் உறிஞ்சும் வழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மேஸ்திரி இளவயதில் அப்படி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இப்போது கையால் அமுக்கும் பம்பும் நைட்ரைல் கையுறைப் பெட்டியும் அவர் கடையில் இருக்கின்றன. பையன் அன்று கையுறை போடவில்லை. “வேர்க்குதுண்ணே” என்றான். போடாமல் டேங்குப் பக்கம் வரக்கூடாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லி, அவன் கையில் ஒரு ஜோடியைத் திணித்தார்.

சாயங்காலம் பில் எழுதும்போது உரிமையாளர் ஒரு வரியைக் காட்டிக் கேட்டார்: “எர்த் செக்கிங் 600 ரூபாயா? ஒரு போல்ட்டுதானே கழட்டினீங்க?”

மேஸ்திரி கோபப்படவில்லை. வண்டிக்குக் கூட்டிப்போய், பல்பை மறுபடி செருகி, அந்த போல்ட்டை ஒரு திருகு தளர்த்தி மங்குவதையும், இறுக்கிப் பளிச்சென எரிவதையும் காட்டினார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அடுத்து நின்றிருந்த டாக்சிக்காரரிடம் போய், “அண்ணே, பெட்ரோல் எவ்வளவு போடுவீங்க?” என்று விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.