அந்த நிழலுக்குச் சொந்தக்காரி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் 20க்கு 30 அங்குலத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம். பவளக்கல் சுவர், வெறும் மணல், சாய்ந்த வெயில். ஆள் நடமாட்டமே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் "என்ன ஒரு தனிமை!" என்பார்கள். அடக்கமாகச் சிரித்து வைப்பேன். அந்தத் தனிமை என் கைவேலை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி மாலை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததிலிருந்து அங்கே கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. சுற்றுலாக்காரர்கள் விலகட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். விலகினார்கள், காற்று விடவில்லை. ட்ரைபாட் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சங்கும் சோழி மாலையும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். "இத மாட்டுங்க தம்பி, அசையாது" என்று சாக்குப்பை நிறையச் சிப்பியை நீட்டினார். ட்ரைபாடின் நடுத்தண்டில் தொங்கவிட்டேன். அசையவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "போட்டோவுல என் கடை விழுந்துச்சா?"

"விழுந்திருக்கும்மா."

"அடுத்த தடவ வர்றப்ப ஒண்ணு கொண்டாங்க."

கட்டாயம் என்றேன்.

வீட்டில் கணினியில் திறந்தால், வலது ஓரத்தில் கொட்டகை, நீலத் தார்ப்பாய், அவர். கண்ணை உறுத்தியது. பக்கத்து மணலை நகலெடுத்து நகலெடுத்து மேலே அப்பினேன். முதலில் தார்ப்பாய் போனது, பிறகு மாலைகள், கடைசியில் அவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரை அழித்தது. அதற்கப்புறமும் அங்கேயே கடலை நம்பிப் பிழைக்கிறவர்களில் ஒருவரை நான் மவுஸைப் பிடித்தே அழித்துவிட்டேன்.

மனசாட்சி முனகியபோது வாயை அடைக்க ஒரு பெரிய பெயரும் கைவசம் இருந்தது: அன்சல் ஆடம்ஸ். 1944இல் அவர் எடுத்த சியரா நெவாடா மலைத்தொடரின் குளிர்காலச் சூரியோதயப் படத்தில், லோன் பைன் ஊர்ப் பள்ளி மாணவர்கள் குன்றின்மேல் வெள்ளையடித்த கற்களால் எழுதிவைத்திருந்த 'எல்.பி.' எழுத்துகளை அவரும்தான் அழித்தார். ஆனால் அழித்ததை அவரே தன் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். முதல் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மறு வருடம் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தேன். 'நெய்தல்' என்று தலைப்பு வேறு. திணை என்றால் நிலமும் பொழுதும் மட்டுமில்லை, அங்கே வாழும் மக்களும் அவர்கள் தொழிலும் சேர்ந்ததுதான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன் நான். பாராட்டு குவிந்தது. வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்து படத்தை வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் கவனித்தேன். மணலில், வலது ஓரத்திலிருந்து ஒல்லியாக ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. கொட்டகைக் கம்பின் நிழல். திரையில் மணல் மடிப்பென்று விட்டுவிட்டேன். மேட் பேப்பரில் தெளிவாக விழுந்திருக்கிறது. இன்றுவரை வேறு யார் கண்ணிலும் படவில்லை. எனக்கோ சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது மட்டும்தான் தெரிகிறது.

போன வருடம் மறுபடி தனுஷ்கோடி போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "படம் கொண்டாந்தீங்களா தம்பி?" நாக்கு கூசவில்லை. "கேமரா ரிப்பேராயிடுச்சும்மா, எல்லாப் படமும் போச்சு" என்றேன். "அடடா, எவ்வளவு காசு போச்சோ" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

அழிக்காத மூலப்படம் என்னிடம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அவரும் கடையுமாக அதை 8க்கு 12இல் பிரிண்ட் போட்டு, பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்து நாலு மாதமாகிறது. கொண்டுபோய்க் கொடுத்தால், "எல்லாம் போச்சுன்னீங்களே?" என்று கேட்பார். அதற்குப் பயந்துதான் போகாமலிருக்கிறேன். சுவரில் இருப்பதையும் கழற்றவில்லை. கழற்றினால் வீட்டில் ஏன் என்று கேட்பார்கள்.